ஆறு மில்லிமீட்டர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

பார்சலைப் பிரித்ததும் முதலில் இது கண்ணில் படட்டும் என்று ஹெட்செட்டுக்கு மேலேயே வைத்திருக்கிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே. போனில் என் எண்ணைத் தடை செய்துவிட்டாய். அம்மாவைக் கூப்பிட்டால், "உங்க சண்டைக்கு நடுவுல நான் தபால்காரி வேலை பாக்க முடியாது" என்று வைத்துவிடுகிறாள். அதனால் நிஜமான தபால்காரரையே நம்பிவிட்டேன்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. துறைமுகத்தில் கிரேன் கேபின்களை மூடிவிட்டு, ஆபரேட்டர்கள் எல்லோரையும் கீழே ஓர் அறையில் உட்காரவைத்து, ஹெட்செட் மாட்டி வேலை வாங்கப்போகிறார்கள் என்பதை நீ நோட்டீஸ் போர்டில் படித்துத் தெரிந்துகொண்டாய். அந்த ஹெட்செட்டைச் செய்வது உன் தங்கை வேலை பார்க்கும் கம்பெனி என்பதும் அதே நோட்டீசின் கடைசி வரியில் இருந்தது. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது ஒரு காரணம். உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது என்பதுதான் பெரிய காரணம்.

சரி, இப்போது பெட்டிக்குள் பார். இது உனக்கென்றே செய்தது. மாட்டிக்கொண்டால் நீ உட்கார்ந்திருக்கும் அறையும் தெரியும், அதற்கு நடுவில் கப்பலும் கன்டெய்னரும் அதைக் கவ்வித் தூக்கும் சட்டமும் நிஜம்போல வந்து நிற்கும். காற்றில் பொத்தான்கள் மிதக்கும். கையை நீட்டி அழுத்தினால் மேலே கிரேன் அசையும். எந்தப் பொத்தானை எங்கே மிதக்கவிடுவது என்பதுதான் என் பிழைப்பு. மற்ற ஆபரேட்டர்களுக்கு அவரவரிடம் கேட்டு வைத்தோம். உனக்கு யாரையும் கேட்கவில்லை. நம் வீட்டுச் சமையலறை அலமாரியை நினைத்துக்கொண்டேன். அடிக்கடி எடுக்கும் எதையும் நீ இடது கைக்கு எட்டும்படி வைப்பாய். கத்தியையும் தீப்பெட்டியையும் தலைக்கு மேல் தட்டில் வைப்பாய். அதேபோல ஏற்றுவதும் இறக்குவதும் உன் இடது கையடியில் இருக்கின்றன. கன்டெய்னரைக் கழற்றிவிடும் பொத்தான் மட்டும் மேல்தட்டில் இருக்கிறது. தெரியாமல் கைபட்டுவிடக்கூடாது பார்.

எங்கள் ஆட்கள் முகத்தை அளவெடுக்க வந்த அன்று நீ வேண்டுமென்றே விடுப்பு போட்டாய் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, அதை நான் சமாளித்துவிட்டேன். தையல்காரரிடம் நம்மில் ஒருத்தி போய் நின்றால் இரண்டு பேருக்கும் சட்டை தைத்து வருமே, அதே கணக்குதான். ஒரே அச்சு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லும்போது எதற்கு இரண்டு அளவு?

இன்னொன்று. கடையில் வாங்கும் ஹெட்செட்டில், கண்களுக்கு ஏற்றபடி கண்ணாடி வில்லைகளைத் தள்ளிவைக்க ஒரு திருகு இருக்கும். இதில் அது கிடையாது. அளவெடுத்துச் செய்ததற்குத் திருகு எதற்கு என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். எடை குறைந்தது, உன் கழுத்து வலிக்காது. என் மேலதிகாரி முதுகில் தட்டிப் பாராட்டினார்.

மார்ச் மாதம் பயிற்சித் தேர்வில் நீதான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவாய். மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

உன் வாலு

❖

பிப்ரவரி 17

வாலுக்கு,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்துக்கொள். போனில் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதித் திட்டமாட்டேன் என்று சொல்லவில்லை.

எங்கள் பயிற்சி அறையை நீ பார்க்க வேண்டும். முன்பு உதிரிப் பாகங்களைப் போட்டுவைத்த கிடங்கு. ஜன்னல் இல்லை. மேலே புதுப் பெயின்ட் வாசனை, அடியில் பழைய கிரீஸ் வாசனை. ஆளுக்கொரு சுழல் நாற்காலி. சூப்பர்வைசர், பெண் பார்க்க வந்தவர்போல, "எப்படி இருக்கு? எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருத்தர் பின்னாலும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கேபினை மூடினால் கப்பல் முன்னால் படுத்துவிடுவேன் என்று சங்கத்தில் மேசையைத் தட்டிய மீசை அண்ணன், இரண்டாம் நாளே ஹெட்செட்டைக் கழற்ற மனமில்லாமல் சாப்பாட்டு நேரத்திலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தங்கச்சி, இடுப்பு வலி இல்லாம கிரேன் ஓட்டுறது என் வாழ்நாள்ல இதான் முதல் தடவை" என்கிறார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எனக்குத்தான் ஒத்துவரவில்லை. நீ அலமாரிபோல அடுக்கியது சரிதான், அதில் குறை சொல்லமாட்டேன். எது எங்கே இருக்கும் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் பொத்தானைத் தொடப்போனால் கை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கன்டெய்னரை இறக்கும்போது தரை இன்னும் கீழே இருப்பதாகத் தோன்றுகிறது. மெதுவாக்கலாம் என்று நினைப்பதற்குள் டமார். பயிற்சிக்கான பொய்க் கன்டெய்னர் என்பதால் பிழைத்தேன். நிஜமாக இருந்தால் உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் தூளாகியிருக்கும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு கன்டெய்னரைக்கூட இடித்து வைக்காதவள் நான். சூப்பர்வைசர் குனிந்து, நான் பார்ப்பதைக் காட்டும் மேசைத் திரையைப் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழற்றியதும் நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி. முந்தாநாள் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். அடுத்த அறையில் இருந்தவள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

கேபினில் எனக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்ப்பேன், வெயில் அடித்தால் அப்பாவின் கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன். அவ்வளவுதான். அவர் போன பிறகு அந்தக் கண்ணாடிக்கு நாம் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? உன் மூக்கில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் நீயே தூக்கி என்னிடம் எறிந்தாய். அந்தக் கண்ணாடி எவ்வளவோ மேல்.

அக்கா

❖

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் முகம் தொங்கிவிட்டது.

நீ சொன்னதை வைத்து இங்கே மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். கை தாண்டிப் போகிறது என்றாய். பொத்தான்களைக் கொஞ்சம் பெரிதாக்கி, அழுத்தியதும் நிறம் மாறும்படி செய்திருக்கிறேன். தரை தெரியவில்லை என்றாய். கன்டெய்னருக்கு அடியில் நிழல் விழும்படி செய்திருக்கிறேன். இந்த மாற்றம் நாளைக் காலையில் உன் ஹெட்செட்டில் தானாக வந்து சேரும்.

மற்றபடி, புதிதாக மாட்டுகிறவர்களில் சிலருக்கு முதலில் தலைசுற்றத்தான் செய்யும். போகப்போகப் பழகிவிடும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். என் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார். மற்ற ஆபரேட்டர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நானே இங்கே உன் ஹெட்செட்டின் இரட்டையை மாட்டிக்கொண்டு அரை நாள் வேலை பார்த்தேன். எனக்குத் துளி வலி இல்லை, பொத்தான்கள் எல்லாம் விரல்நுனியில் வந்து நிற்கின்றன. அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இது பிடிக்கக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் மாட்டுகிறாயோ?

உனக்காக எத்தனை நாள் தூக்கம் விட்டுச் செய்தேன் என்று உனக்குத் தெரியாது. சொல்லிக்காட்டக்கூடாதுதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வாலு

❖

மார்ச் 5

அன்புள்ள வாலு,

இந்தத் தடவை அன்புள்ள போட்டிருக்கிறேன். உட்கார்ந்து படி. படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணிவிடாதே.

நீ கேட்டது சரியான கேள்விதான். எனக்குப் பிடிக்காமல்தான் மாட்டினேன். ஆனால் கோளாறு அது இல்லை. உன் ஹெட்செட்டிலும் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் ஹெட்செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சாவகாசமாகப் பழகிப் பார்க்கலாம் என்று. நான் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அம்மா அதை எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்கிறாள். சோபாவுக்கு மேலே பயிற்சிக் கப்பலை நிறுத்தியிருக்கிறாள், அவள் பார்ப்பதெல்லாம் என் போனிலும் தெரிகிறது. காற்றில் கையை நீட்டி, பூப் பறிக்கிற மாதிரி ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிறாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கன்டெய்னரைத் தூக்கி, நகர்த்தி, தட்டாமல் இறக்கிவைத்துவிட்டு, "இதுக்காடி உனக்கு இவ்வளவு சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள். தலை சுத்துதா என்று கேட்டேன். "எனக்கு எதுக்குச் சுத்தணும்? நல்லா கண்ணாடி மாதிரி தெரியுது. ரொம்ப நாளா இப்படித் தெளிவா எதையும் பாத்ததில்ல" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மற்ற ஆபரேட்டர்களுக்குச் சரியாக இருக்கிறது. உனக்குச் சரியாக இருக்கிறது. கடைத்தெருவில் ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்ளும் அம்மாவுக்கும் சரியாக இருக்கிறது. என் கண்ணுக்கு மட்டும் எல்லாம் தள்ளித் தள்ளித் தெரிகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நிழல் போட்டாய், பொத்தானைப் பெரிதாக்கினாய். ஒன்றும் மாறவில்லை. இப்போது கழற்றிய பிறகும் போகமாட்டேன் என்கிறது. பயிற்சி முடிந்து மதியம் கேபினுக்கு ஏறினால் படிகள் மேலும் கீழுமாக அசைகின்றன. செவ்வாய்க்கிழமை கேபினில் உட்கார்ந்திருக்கும்போதே, கீழே நின்ற லாரி ஒரு நொடி இரண்டாகத் தெரிந்தது. கிரேனை நிறுத்திவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து டம்ளரை மேசையில் வைத்தேன். மேசை அங்கே இல்லை. தரையெல்லாம் தேநீர்.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நீ அப்போது சின்னவள், உனக்கு ஆஸ்பத்திரிதான் நினைவிருக்கும். எனக்கு அதற்கு முந்தியது நினைவிருக்கிறது. முதலில் தலைவலி. அப்புறம் தாழ்ப்பாளைப் பிடிக்கப்போய்க் கதவில் கை இடிப்பார். அப்புறம் ஒரு நாள் டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தார். உடைந்ததைப் பார்த்து அம்மா திட்டினாள், அவர் சிரித்தார். மூளையில் கட்டி என்று தெரிந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். போனால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே நீளமான நடை, கோடியில் அதே அறை. அந்த வாசலில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது உள்ளே படுப்பதற்குத் தைரியம் வரவில்லை. பயமாக இருக்கிறதடி, வேறென்ன சொல்ல?

ஆனால் ஒன்றில் எனக்குக் குழப்பம் இல்லை. எனக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்கள். கன்டெய்னரை லாரியில் பூட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதே இல்லை, மேலே நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கைதான். ஒன்றை இரண்டாகப் பார்க்கிறவள் அவர்கள் தலைக்கு மேலே எதையும் தொங்கவிடக்கூடாது. மருத்துவ விடுப்பு கேட்டால் காரணம் எழுதவேண்டும், அப்புறம் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் வேலையையே விட்டுவிடுகிறேன். திங்கள்கிழமை காலையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கிறேன். அதுவரை உடம்பு சரியில்லை என்று கேபினுக்கு ஏறப்போவதில்லை.

அம்மா இனி உன்னோடு இருக்கட்டும். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள். உனக்குப் பொய் சொல்ல வராது, ஆனாலும் முயற்சி செய்.

உன்மேல் கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஹெட்செட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அருமையாகத்தான் செய்திருக்கிறாய்.

அக்கா

❖

திங்கள் காலை, துறைமுக வாசல்

அக்கா,

வாசலில் நிற்கிறேன். கேட்டில் இருக்கும் காவல்கார அண்ணன் உள்ளே விடமாட்டேன் என்கிறார். போனையும் உள்ளே அனுப்பக்கூடாதாம். இந்தச் சீட்டையும் கூடவே ஒரு ஸ்கேலையும் மட்டும் உன்னிடம் சேர்க்கிறேன் என்று இறங்கிவந்திருக்கிறார்.

ராஜினாமாவைக் கொடுக்காதே! கொடுத்திருந்தால் பிடுங்கு!

அந்த ஹெட்செட்டுக்கு அளவு கொடுத்தது நான். என் முகத்தை ஸ்கேனரில் வைத்து உன் பெயரைப் போட்டேன். அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன் என்று கேள். எனக்கு இருப்பது அம்மாவின் முகம். கல்லூரி நாட்களில் அவளுடைய மூக்குக்கண்ணாடியைத்தானே திருடிப் போட்டுக்கொண்டு திரிவேன்? அப்பாவின் கண்ணாடி என் மூக்கில் நிற்கவில்லை. உனக்கு நின்றது! சட்டைக்குத்தான் நாம் ஒரே அச்சு. கண்ணுக்கு இல்லை.

யாரையாவது இந்த ஸ்கேலை உன் கண்களுக்குக் கீழே பிடிக்கச் சொல். நீ நேராகத் தூரத்தில் பார். ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை எவ்வளவு? எனக்கு ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். ஹெட்செட்டின் இரண்டு வில்லைகளும் அதே ஐம்பத்தெட்டு இடைவெளியில்தான் நிற்கின்றன. உனக்கும் அதே வந்தால் ராஜினாமா செய், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அதிகமாக வந்தால், எல்லாம் தள்ளித் தள்ளித் தெரிந்ததற்கும், தலைவலிக்கும், வாந்திக்கும், லாரி இரண்டானதற்கும், டம்ளருக்கும் நான்தான் காரணம். விடுமுறை நாட்களில் உனக்குத் தலைவலி வந்ததா? யோசித்துப் பார்.

வாலு

❖

(அதே சீட்டின் பின்பக்கம்)

அறுபத்துநாலு.

நம்பாமல் இரண்டு தடவை அளக்கச் சொன்னேன். பிடித்தது சூப்பர்வைசர். அவர் கையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கப்போன நேரத்தில் ஸ்கேலைக் கொடுத்துவிட்டேன். "என்னம்மா இது, எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அளந்தார்.

விடுமுறை நாட்களில் வந்ததில்லை. ஒரு நாள்கூட வந்ததில்லை. இதை நான் ஏன் யோசிக்கவே இல்லை?

அங்கேயே நில். எங்கேயும் போய்விடாதே. வருகிறேன்.

❖

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கியவள்தான், பக்கத்து இருக்கைக்காரர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார்.

வாசலில் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுவாய் என்று நினைத்தேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாய். இன்னும் வலிக்கிறது. காவல்கார அண்ணன் பயந்துபோய் எழுந்து வந்தார், பாவம்.

என்னதான் அறுபத்துநாலு வந்தாலும் டாக்டரையும் பார்த்துவிடு என்று நான் பிடிவாதம் பிடித்தது உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். என் ஊகத்தை மட்டும் நம்பி உன்னை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை ஊகித்துத்தானே இவ்வளவும் செய்தேன்? ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குப் போகும் அந்த நீளமான நடையில் உன்னோடு நடந்தபோது என் கையை நீ நசுக்கிய நசுக்கில் மோதிரம் வளைந்துவிட்டது. ரிப்போர்ட் வரும்வரை இருக்கிறேன் என்றேன். போய் உன் தப்பை ஆபீசில் சொல்லு என்று துரத்திவிட்டாய்.

சொல்லிவிட்டேன். மேலதிகாரி முதலில் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "உங்க அக்கா முகம்னு போட்டு உன் முகத்தையா வெச்சே? ஏம்மா, நாம இங்க ஆளுக்கு ஆள் தனித்தனியா செய்யறோம்னு சொல்லித்தானே விக்கறோம்!" என்றார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. ஆனால் இனி அளவெடுக்கும் இடத்துக்கு நான் தனியாகப் போகக்கூடாதாம், கூட ஒரு ஆள் வருவார். எனக்கு இது வேண்டியதுதான்.

திருகு திரும்பி வந்துவிட்டது. உனக்கு மட்டுமில்லை, இனி செய்யும் ஒவ்வொரு ஹெட்செட்டிலும் இருக்கும். கழுத்துக்குக் கொஞ்சம் கனம் கூடத்தான் செய்யும், பொறுத்துக்கொள். அளவெடுத்துச் செய்ததும் தப்பாகலாம் என்று யோசிக்காமல் அதை எடுக்கச் சொன்ன புத்திசாலி நான்தான் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். முதுகில் தட்டியவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

இந்தப் பெட்டிக்குள் இருப்பது புதிது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உன் வீட்டு ஜன்னலோரம் நின்று எடுத்த அளவில் செய்தது. அலமாரியை மட்டும் மாற்றவில்லை, அப்படியே இருக்கிறது. மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா உட்கார். பிறகு கையை நீட்டு. எப்படி இருந்தாலும் உண்மையைச் சொல். இந்தத் தடவை நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

ரிப்போர்ட் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு. என் எண்ணைத் திறந்துவிடு தாயே!

வாலு

❖

மார்ச் 26

அன்புள்ள வாலு,

"ஒண்ணுமில்லடி, சுத்தமா ஒண்ணுமில்ல" என்று போனில் சொன்னதற்கே நீ அந்தப் பக்கம் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாய். மேலே ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் மீதியை எழுதுகிறேன். போனில் நாம் சண்டை போடுவோம், இல்லையென்றால் அழுவோம். இனி முக்கியமானதையெல்லாம் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, எனக்கு விளங்குமோ விளங்காதோ என்று கவலைப்படாமல் விரலால் காட்டிக்கொண்டே போனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "நல்லா இருக்கும்மா. நீங்க சொன்ன அந்தக் கருவியாலதான் இருக்கணும். கண் ரெண்டையும் தப்பான இடத்துல இழுத்து வெச்சா மூளை என்ன பண்ணும், பாவம்" என்றார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அதையும் பொறுமையாகக் கேட்டார். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தது என்பதற்காக மற்றவர்கள் ஒவ்வொரு தலைவலிக்கும் சாகவேண்டியதில்லை என்றார். வெளியே வந்து அந்த நீளமான நடையில் பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அங்கே அழுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் சந்தோஷத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, ரெண்டு வாரமா செத்தவ மாதிரி இருந்தே, இப்ப கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி வர்றே?" என்று பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஸ்கேன் விஷயத்துக்கு அழுதாள், திட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியில் அவள் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப அந்தப் பழைய ஹெட்செட்டு எனக்குச் சரியா இருக்குன்னுதானே சொல்றீங்க? அத ஏண்டி திருப்பி அனுப்புனே?" பதில் எழுது. தினமும் சாயங்காலம் கூடத்தில் கப்பல் நிறுத்தாமல் அவளுக்குப் பொழுது போகவில்லையாம்.

இப்போது உன் பெட்டி. மாட்டினேன். நீ சொன்னபடி ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. திறந்தேன். எதிரே கப்பல் நின்றது. எப்படிச் சொல்வது? முன்பு படம் பார்ப்பதுபோல இருந்தது, இப்போது அங்கே கப்பல் நின்றது. கையை நீட்டினேன். பொத்தான் விரலில் வந்து உட்கார்ந்தது. கன்டெய்னரைத் தூக்கி லாரிமேல் இறக்கினேன். சத்தமே இல்லை. பக்கத்தில் மீசை அண்ணன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, திரும்பி வந்துட்டியா?" என்றார். வந்துவிட்டேன் அண்ணா என்றேன்.

நேற்றுத் தேர்வு. தேறிவிட்டேன். நீ சொன்னமாதிரி எல்லோரையும் தூக்கிச் சாப்பிடவில்லை, மீசை அண்ணன் என்னை முந்திவிட்டார். இந்தச் செய்தியை நீ யாரிடமும் சொல்லவேண்டாம். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஸ்கேலைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எதற்கு என்றேன். "இனிமே யாராச்சும் தலைவலின்னா மொதல்ல இதத்தான் எடுப்பேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

கேபினை நினைத்தால் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கடைசி நாள் மேலே ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தக் காற்றை உன்னால் எந்த ஹெட்செட்டிலும் வைக்கமுடியாது, முயற்சி பண்ணாதே. மற்றபடி இடுப்பு வலி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறைதான் சொல்வேன்.

அப்பாவின் கருப்புக் கண்ணாடியை இனி வேலைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. மேசையில், எனக்கு எதிரே வைத்திருக்கிறேன். இத்தனை நாளாக அவரிடமிருந்து எனக்கு என்ன வந்திருக்குமோ என்று நினைத்து நினைத்து நடுங்கினேன். வந்தது இந்த அகலமான கண்தான். இதைத் தெரிந்துகொள்ள நீ உன் முகத்தைக் கொண்டுபோய் ஒரு மெஷினில் வைத்து, என்னை வாந்தி எடுக்கவைத்து, பஸ் ஏறி ஓடிவந்து உதை வாங்கவேண்டியிருந்தது. அடுத்த தடவை நேராகவே கேட்டுவிடு.

எழுதிக்கொண்டே தேநீர் குடித்து முடித்துவிட்டேன். இப்போதுதான் கவனிக்கிறேன், டம்ளரை எப்போது கீழே வைத்தேன் என்றே தெரியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். மேசைமேல்தான் இருக்கிறது.

அக்கா